கடல் கடக்கும் பேய்கள்

ஜப்பானிய இயக்குநர் ஹிதேயோ நகாதாவின் ‘ரிங்கு’ 1998இல் வெளிவந்தது. சபிக்கப்பட்ட ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழாம் நாள் செத்துப்போவார் என்பது கதை. படம் முடியும் தறுவாயில் டிவி திரையில் ஒரு பாழுங்கிணறு தெரிகிறது. அதற்குள்ளிருந்து வெள்ளை உடுத்திய பெண் ஒருத்தி ஏறி வருகிறாள். முகத்தை மூடித் தொங்கும் கூந்தலோடு, மூட்டு கழன்றவள்போல் வெட்டி வெட்டி நடந்து, திரையைத் தாண்டி அறைக்குள்ளேயே ஊர்ந்து வந்துவிடுகிறாள். சதகோ என்ற அந்தப் பாத்திரத்தில் நடித்த ரியே இனோவைப் பின்பக்கமாக நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டினார்கள். அவள் முன்னால் வருவதுபோல் தெரியும். ஆனால் மனித உடம்பு அப்படி நடக்காது என்பது பார்ப்பவர் மனத்துக்குத் தெரிந்துவிடும். பயம் அங்கேதான் பிடிக்கிறது.

நான்கே ஆண்டுகளில் இதே கதை ஆங்கிலத்தில் ‘தி ரிங்’ ஆயிற்று. கோர் வெர்பின்ஸ்கி இயக்க, நவோமி வாட்ஸ் நடித்தார். சுமார் 4.8 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது. பிறமொழியில் பேரெடுத்த பேய்ப்படங்களை அமெரிக்க ரசிகர்களுக்கென்று மறுபடி எடுக்கத்தான் வேண்டுமா என்ற விவாதம் அதிலிருந்து சூடுபிடித்தது.

ஹாலிவுட்டுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. பேசும்படம் வந்த புதிதில் ஓட்டம் எதிர்த்திசையில் இருந்தது. டப்பிங் சரிவரக் கைகூடாத அந்தக் காலத்தில், வெளிநாட்டுச் சந்தையை இழக்க விரும்பாத கம்பெனிகள் ஒரே கதையைப் பல மொழிகளில் தனித்தனியாக எடுத்தன. 1931இல் வெளியான ‘டிராகுலா’வின் படப்பிடிப்பு பகலில் நடந்தது. டிராகுலாவாக நடித்த பேலா லுகோஸியும் மற்றவர்களும் வீட்டுக்குப் போன பிறகு, அதே அரங்குகளுக்குள் ராத்திரியில் வேறொரு குழு நுழைந்து ஸ்பானிஷ் ‘டிராகுலா’வை எடுத்தது. இயக்கிய ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் கேமராவின் ஓட்டத்தில் ராத்திரிப் படமே மேல் என்று சொல்லும் விமர்சகர்கள் இன்று பலர் இருக்கிறார்கள்.

அடுத்த தலைமுறையில் நடந்தது அவ்வளவு நல்ல கதையாக இல்லை. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. அதன் கதிரியக்கச் சாம்பல் ‘லக்கி டிராகன் 5’ என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் பெய்தது. படகிலிருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்தார். அந்த ஆண்டு நவம்பர் 3 அன்று ‘கொஜிரா’ திரைக்கு வந்தது. படத்தின் தொடக்கத்தில் கடலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் எழுந்து ஒரு கப்பல் எரிந்து மூழ்குகிறது. எதைக் காட்டுகிறார்கள் என்று ஜப்பானியருக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் ஒரு ரயில் காட்சியில், பயணம் செய்யும் பெண்ணொருத்தி கதிரியக்கம் ஏறிய மீனைப் பற்றியும், தான் நாகசாகியில் உயிர் பிழைத்ததைப் பற்றியும் பேசுவாள்.

அதன் அமெரிக்க வடிவமாக 1956இல் திரையரங்குகளுக்கு வந்த ‘காட்ஸில்லா, கிங் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்!’ படத்தில் அவள் இல்லை. விநியோகஸ்தர்கள் மூலப்படத்தில் கத்தரி வைத்து, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராகத் தனியே படம்பிடித்து நடுநடுவே ஒட்டியிருந்தார்கள். அணுகுண்டின் மேல் ஜப்பானியருக்கு இருந்த துயரமும் கோபமும் பெரும்பாலும் போய், ஊரை மிதித்துத் துவைக்கும் ராட்சத மிருகம் மிஞ்சியது. குண்டை வெடித்த நாட்டின் ரசிகர்களுக்கே அந்தக் குண்டைப் பற்றிய பேச்சு மறைக்கப்பட்டது. மறுஆக்கத்தின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் மிகக் கனமானது இன்றுவரை இதுவே.

அமெரிக்கர்கள் சப்டைட்டில் படிக்க மாட்டார்கள் என்பது ஸ்டூடியோக்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வெளிநாட்டுப் படங்களை நன்றாக டப்பிங் செய்து பெரிய அரங்குகளில் ஓட்டுவது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் அந்தத் தொழில் வேரூன்றவில்லை. டப்பிங் என்றாலே உதடு ஒருபக்கமும் குரல் ஒருபக்கமும் போகும் குங்ஃபூ படங்கள்தான் அங்கே நினைவுக்கு வரும். சப்டைட்டில் படங்களோ பெருநகரங்களின் சில கலைப்பட அரங்குகளோடு நின்றுவிட்டன.

மீதிப் பாதி கணக்கு. எழுதி வந்த திரைக்கதையைப் படித்துவிட்டு, இது பயமுறுத்துமா என்று ஒரு ஸ்டூடியோ அதிகாரியால் உறுதியாகச் சொல்ல முடியாது. எடுத்து முடித்து, ஒரு நாட்டின் ரசிகர்களைக் கதறவைத்த படத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். ஆசியத் தயாரிப்பாளர்களுக்கும் ஹாலிவுட்டுக்கும் நடுவே நின்று ரீமேக் உரிமைகளை வாங்கிக்கொடுத்தே பெயர் பெற்ற ராய் லீ என்ற கொரிய அமெரிக்கத் தயாரிப்பாளர் இந்த வசதியை நன்கு புரிந்துகொண்டவர். ‘ரிங்கு’ கடல் கடந்தது அவர் வழியாகத்தான். பேய்ப்படத்துக்குப் பெரிய நட்சத்திரம் தேவையில்லை, செலவு குறைவு, ஓடினால் லாபம் பல மடங்கு. உரிமைக்குக் கொடுக்கும் தொகை அந்தக் கணக்கில் சில்லறை.

ஆனால் பயம் என்பது கதையோடு சேர்ந்து விற்பனைக்கு வரும் பொருள் இல்லை. சதகோவையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் இறந்தவர்களுக்கு வெள்ளை உடுத்திச் சடங்கு செய்வது மரபு. நிறைவேறாத ஆத்திரத்தோடு செத்தவள் தலைவிரிகோலமாகத் திரும்பி வருவாள் என்பது கபுகி மேடையும் ஓவியங்களும் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் கதை. கிணற்றில் தள்ளப்பட்டு இறந்த ஓகிகு என்ற பணிப்பெண்ணின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும். ஹிமேஜி கோட்டையில் ‘ஓகிகு கிணறு’ என்றே ஒன்று இருக்கிறது. சதகோவின் தாய் பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. 1910இல் டோக்கியோவில் தோமோகிச்சி ஃபுகுராய் என்ற பேராசிரியர், ஞானதிருஷ்டி உள்ளவர் என்று சொல்லப்பட்ட சிசுகோ மிஃபுனேவை அறிஞர்கள் முன் நிறுத்திச் சோதித்தார். ஏமாற்றுக்காரி என்ற பேச்சு எழுந்தது. மறு ஆண்டு அந்தப் பெண் நஞ்சருந்தி இறந்தார். ‘ரிங்கு’வில் பத்திரிகையாளர்கள் கூடிய மேடையில் ஒரு தாய் அவமானப்படும் காட்சி வரும்போது ஜப்பானிய நினைவில் ஒரு பழைய காயம் கிளறப்படுகிறது. தலைவிரித்த வெள்ளைச்சேலைப் பேயைப் பார்த்து வளர்ந்த தமிழ் ரசிகருக்குச் சதகோவை அடையாளம் காண அதிக விளக்கம் வேண்டியிருக்காது. அமெரிக்கருக்கு வேண்டியிருந்தது.

வெர்பின்ஸ்கியும் திரைக்கதை எழுதிய எரன் க்ரூகரும் இந்தச் சிக்கலை உணர்ந்தே வேலை செய்தார்கள். கிணறும் கேசட்டும் ஏழு நாளும் அப்படியே இருக்க, பேயின் பூர்வீகத்தை மாற்றினார்கள். ஞானதிருஷ்டிக்காரி போய், குதிரைப் பண்ணை நடத்தும் ஒரு தம்பதியும் அவர்கள் தத்தெடுத்த சமாரா என்ற சிறுமியும் வந்தார்கள். மூலத்தின் எரிமலைத் தீவுக்குப் பதில் வாஷிங்டன் மாநிலத்தின் ஈரம் சொட்டும் சாம்பல் வானம். குழந்தையை ஆசையாகத் தூக்கி வளர்த்த வீடே அதை வெறுத்து மூடிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அமெரிக்கக் குடும்பங்களுக்கு நெருங்கியது; மனநல மருத்துவமனையில் பதிவான சமாராவின் பேச்சு அதைத் தொடுகிறது. கப்பலில் வரும் குதிரை ஒன்று கதாநாயகியைக் கண்டு மிரண்டு, அடைப்பை உடைத்துக்கொண்டு மேல்தளம் முழுக்க ஓடிக் கடலில் பாயும் காட்சி மூலப்படத்தில் கிடையாது. அந்த ஒரு காட்சிக்காகவே இந்த ரீமேக்கை மதிக்கலாம்.

கைநழுவிப் போனவையும் உண்டு. ‘ரிங்கு’ 95 நிமிடம் ஓடும். ‘தி ரிங்’ கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி, ஏன் எதற்கு என்று விளக்குவதில் கழிகிறது. நகாதாவின் படத்தில் சதகோவின் முகம் முழுதாகத் தெரிவதே இல்லை. கூந்தல் இடுக்கில் ஒரே ஒரு கண், மேலிருந்து கீழ்நோக்கி வெறிக்கும் கண், திரையை நிறைக்கும், அவ்வளவுதான். இறந்தவர்களின் முகத்தில் ரத்தம் இருக்காது, பயத்தில் உறைந்த வாய் மட்டும் திறந்திருக்கும். அமெரிக்கப் படத்தில் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கரின் கைவண்ணத்தில் பிணங்கள் அழுகி ஊறிக் கிடக்கின்றன. சமாராவின் முகமும் அருகில் காட்டப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, அந்த ஒற்றைக் கண்தான் வீடு வரைக்கும் கூட வரும்.

‘தி ரிங்’ ஓடிய ஓட்டத்தில் ஆசியப் பேய்ப்படங்களுக்குப் பெரும் கிராக்கி வந்தது. அடுத்த வெற்றியான ‘தி க்ரட்ஜ்’ (2004) வேறு வழியில் போனது. தகாஷி ஷிமிஸுவின் ‘ஜு-ஆன்’ படத்தை ஆங்கிலத்தில் எடுக்க ஷிமிஸுவையே அழைத்தார் தயாரிப்பாளர் சாம் ரெய்மி. கதை டோக்கியோவிலேயே நடக்கிறது. மூலத்தில் கயாகோ என்ற பேயாக மாடிப்படியில் தவழ்ந்து இறங்கிய தகாகோ ஃபூஜியே இதிலும் இறங்குகிறார். மாறியது, வீட்டுக்குள் நுழையும் ஆட்கள்தான். மொழி தெரியாத ஊரில், யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாமல் நிற்கும் அமெரிக்கர்கள் அவர்கள். ஆத்திரத்தில் செத்தவரின் கறுவம் செத்த இடத்திலேயே தங்கும் என்ற நம்பிக்கையைப் பெயர்த்து எடுக்காமல், பார்வையாளரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போன நேர்மையான தீர்வு இது. சுமார் 1 கோடி டாலரில் எடுத்து, 18 கோடிக்கு மேல் வசூலித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தது சரிவு. நகாதாவின் ‘டார்க் வாட்டர்’ 2005இல் ஆங்கிலமானது. தகாஷி மீகேயின் ‘ஒன் மிஸ்டு கால்’, ஹாங்காங்கின் பாங் சகோதரர்கள் எடுத்த ‘தி ஐ’, தாய்லாந்தின் ‘ஷட்டர்’ மூன்றும் 2008இல் வரிசைகட்டி வந்தன. கிம் ஜீ-வூனின் நுட்பமான கொரியப் படமான ‘எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்’ 2009இல் ‘தி அன்இன்வைட்டட்’ ஆனது. இவற்றில் ‘ஷட்டர்’ தமிழருக்கும் பழக்கமானது. அமெரிக்க ரீமேக்குக்கு ஒரு வருடம் முன்பே, 2007இல், அது ‘சிவி’ என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது. கூந்தல், ஈரம், வெளிறிய குழந்தை, திடீர்ச் சத்தம் என்று எல்லாப் படங்களும் ஒன்றேபோல் ஆனதில் அமெரிக்க ரசிகர்கள் அலுத்துப்போனார்கள்.

இவற்றில் அதிகம் வருத்தம் தருவது ‘கைரோ’வுக்கு நேர்ந்தது. கியோஷி குரோசாவா 2001இல் எடுத்த இந்தப் படத்தில் செத்தவர்கள் இணையத்தின் வழியாக உள்ளே வருகிறார்கள். ஆனால் அவர்கள் யாரையும் துரத்துவதில்லை. ஒரு அறையில் மூலையிலிருந்து ஒரு பெண் உருவம் மெல்ல நடந்து வரும். நடுவழியில் கால் மடங்கிச் சரிந்து, நிமிர்ந்து, மறுபடியும் வரும். வேறொன்றும் நடக்காது. கணினித் திரைக்கு முன் தனித்தனியே உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள், உயிரோடிருப்பதும் செத்துப்போவதும் ஒரே தனிமைதான் என்று உணர்ந்து சுவரில் கரித் தடமாகக் கரைந்துபோகிறார்கள். 2006இல் வந்த அமெரிக்க ‘பல்ஸ்’ அந்தத் தனிமையைக் கழற்றி வைத்துவிட்டு, உயிரை உறிஞ்சும் உருவங்கள் பாயும் படமாக அதை மாற்றியது. மூலப்படம் அமெரிக்கத் திரையரங்கைப் பார்த்ததே 2005 நவம்பரில்தான், அதுவும் ஒருசில ஊர்களில். நான்கு ஆண்டுகளாக அது கிடைக்காமல் இருந்த நாட்டில், அடுத்த சில மாதங்களில் நகல் எல்லா ஊர்களுக்கும் போனது.

ஸ்பெயினின் ‘ரெக்’ படத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஜௌமே பாலகெரோவும் பாகோ பிளாசாவும் 2007இல் எடுத்த படம் அது. ராத்திரி ஷிஃப்டில் வேலை செய்பவர்களைப் பற்றி டிவி நிகழ்ச்சி எடுக்கும் பெண்ணும் கேமராக்காரரும் தீயணைப்பு வண்டியோடு பார்சலோனாவின் பழைய அடுக்குமாடி ஒன்றுக்குப் போகிறார்கள். உள்ளே ஏதோ தொற்றுகிறது. வெளியே போலீஸ் கட்டடத்தை அடைத்துவிடுகிறது. நடிக்கத் தேர்ந்தெடுத்த மனுவேலா வெலாஸ்கோ ஸ்பெயின் டிவியில் உண்மையிலேயே தொகுப்பாளராக இருந்தவர். வீட்டு ஹாலில் தினம் சிரித்த முகம் திரையில் அலறும்போது, இது நடிப்பு என்ற எண்ணம் ஸ்பெயின்காரர்களுக்கு ஆட்டம் கண்டது. கடைசியில் பூட்டிய மாடி அறை திறக்கும்போது, சுவர் முழுக்கச் செய்தித் துணுக்குகளும் தேவாலயப் படங்களும். தொற்றின் வேர் வாடிகனும் ஒரு பாதிரியாரும் பேய் பிடித்த ஒரு சிறுமியும் என்று தெரிகிறது. கத்தோலிக்கம் ஊறிய நாட்டில் அந்த அறை சும்மா ஓர் அறை இல்லை.

2008 அக்டோபரில், மூலப்படம் வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், ‘குவாரன்டைன்’ வெளியானது. பல காட்சிகள் கேமரா வைத்த கோணம் வரை அப்படியே. ஆனால் வெலாஸ்கோவின் இடத்தில் தொழில்முறை நடிகை. பாதிரியாருக்குப் பதிலாக வெறிநாய்க் கடி போன்ற ஒரு வைரஸ். கண்ணால் பார்க்கக் கூடியதையெல்லாம் அப்படியே கொண்டுவந்து, பார்ப்பவர் மனத்துக்குள் இருந்ததை விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு, இருட்டுக்குள் நாயகி இழுத்துச் செல்லப்படும் கடைசி ஷாட்டைப் போஸ்டரிலும் டிரெய்லரிலும் போட்டுப் படத்தைத் தாங்களே உடைத்தார்கள். ‘ரெக்’ அமெரிக்கக் கடைகளுக்கு டிவிடியாக வந்தது இதற்கெல்லாம் பிறகுதான்.

கிளைமாக்ஸை மாற்றுவது ஹாலிவுட்டின் மிகப் பழைய ஆசை. இதற்கு ஜார்ஜ் ஸ்லூயிசரின் ‘ஸ்பூர்லூஸ்’ படத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. டச்சு எழுத்தாளர் டிம் கிராபேயின் குறுநாவலை வைத்து 1988இல் எடுக்கப்பட்டது. விடுமுறைக்குப் பிரான்ஸ் போன ஜோடியில் சாஸ்கியா, நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் நிலையத்தில் காணாமல் போகிறாள். ரெக்ஸ் மூன்று வருடம் தேடுகிறான். அவளைக் கடத்தியவன் ரேமோன். மனைவி மக்களோடு அமைதியாக வாழும் வேதியியல் ஆசிரியன். மயக்க மருந்து எத்தனை நிமிடம் வேலை செய்கிறது என்று தன்மேலேயே சோதித்துக் குறித்துக்கொள்ளும் மனிதன். கடைசியில் அவனே ரெக்ஸைத் தேடி வந்து, அவளுக்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால் அவளுக்கு நடந்ததை நீயும் அனுபவி என்று ஒரு கோப்பை காபியை நீட்டுகிறான். ரெக்ஸ் குடிக்கிறான். கண்விழிக்கும்போது மண்ணுக்கடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறான். சிறு சுடரின் வெளிச்சம், பிறகு அதுவும் இல்லை. திரையில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் இவ்வளவு கொடிய முடிவை அடைந்த படங்கள் சொற்பம்.

ஐந்து ஆண்டு கழித்து, 1993இல், ஸ்லூயிசரே ஹாலிவுட் வந்து ஜெஃப் பிரிட்ஜஸையும் கீஃபர் சதர்லேண்டையும் வைத்து ‘தி வானிஷிங்’ எடுத்தார். அதில் நாயகனின் புதிய காதலி ஓடிவந்து மண்ணைத் தோண்டி அவனைக் காப்பாற்றுகிறாள், வில்லன் சாகிறான். மூலக்கதை முழுதும் ஒரே கேள்வியை நோக்கி நடந்தது: தெரிந்துகொள்ளும் ஆசைக்கு மனிதன் எவ்வளவு தூரம் போவான்? ஆள் தப்பிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. இயக்கியவர் அதே ஆள் என்பதால், கெட்டது திறமைக் குறைவாலோ புரியாமையாலோ அல்ல என்பது உறுதி.

முப்பது வருடத்துக்குப் பிறகும் இது மாறவில்லை. கிறிஸ்டியன் டாஃப்ட்ரப்பின் டேனிஷ் படமான ‘ஸ்பீக் நோ ஈவில்’ (2022) ஒரு டென்மார்க் குடும்பத்தையும் ஒரு டச்சுக் குடும்பத்தையும் பற்றியது. இத்தாலியில் சுற்றுலாவில் பழகிய டச்சுக் குடும்பத்தினர், டேனிஷ் குடும்பத்தை விருந்துக்கு அழைக்கிறார்கள். போன இடத்தில் ஒவ்வொன்றும் உறுத்துகிறது. ஆனாலும் முகம் சுளித்தால் மரியாதையில்லை என்று டேனிஷ் தம்பதி பொறுத்துக்கொண்டே போகிறார்கள். பொறுத்ததன் விலை, இறுதியில் அவர்கள் எதிர்ப்பே காட்டாமல் சாவது. 2024இல் வந்த ஆங்கிலப் படத்தில் ஜேம்ஸ் மெக்காவோய் அபாரமாக நடித்தார். படமும் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் அதில் விருந்தாளிகள் சண்டைபோட்டுத் தப்பிக்கிறார்கள். இங்கே சப்டைட்டில் என்ற சாக்குக்கும் வழியில்லை: இரண்டு குடும்பங்களுக்கும் பொது மொழி ஆங்கிலம் என்பதால் டேனிஷ் மூலத்தின் வசனத்தில் பெரும்பகுதி ஆங்கிலம்தான். தவிர்க்கப்பட்டது அந்த முடிவு.

ஆகவே மறுஆக்கம் எல்லாமே வீண் என்று தள்ளிவிடலாமா என்றால், ‘லெட் மீ இன்’ குறுக்கே நிற்கிறது. யோன் அய்விதே லிண்ட்குவிஸ்டின் நாவலை வைத்துத் தோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் 2008இல் ஸ்வீடனில் எடுத்த ‘லெட் தி ரைட் ஒன் இன்’ உலகெங்கும் கொண்டாடப்பட்ட படம். ஸ்டாக்ஹோம் ஓரத்திலுள்ள பிளாக்கெபெர்க் குடியிருப்பு, 1980களின் தொடக்கம், பனி. பள்ளியில் அடிவாங்கும் பன்னிரண்டு வயது ஒஸ்கார் பக்கத்து வீட்டுக்கு வந்த ஏலியோடு பழகுகிறான். ஏலி ரத்தம் குடிக்கும் பிறவி. இருவரும் ஒரே சுவரின் இருபக்கமும் படுத்துக்கொண்டு மோர்ஸ் தட்டில் பேசிக்கொள்கிறார்கள். ஏலியாக நடித்த லீனா லியாண்டர்சனின் குரல் மென்மையாக இருந்ததால், வேறொருவரின் கனத்த குரலைப் பொருத்தினார்கள். ஏலி பெண்தானா, எத்தனை காலமாக வாழ்கிறது என்ற ஐயங்களை அந்தக் குரலே எழுப்பிவிடும்.

இதை மாட் ரீவ்ஸ் ஆங்கிலத்தில் எடுக்கப்போகிறார் என்றதும் எழுந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆனால் 2010இல் வந்த படம் ஓர் அமெரிக்கக் காரணத்தோடு வந்தது. அவர் கதையை நியூ மெக்ஸிகோவின் லாஸ் அலமோஸ் நகரில், 1983இல் வைத்தார். அணுகுண்டு பிறந்த ஊர் அது. சோவியத் நாட்டைத் தீமையின் பேரரசு என்று ரொனால்ட் ரீகன் பேசிய ஆண்டும் அது. படத்தில் ஒரு மருத்துவமனை டிவியில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. தீமை வெளியே எங்கோ இருக்கிறது என்று தேசமே நம்பும்போது, தாயும் தந்தையும் பிரிந்த வீட்டில் ஒரு சிறுவன் கையில் கத்தியோடு கண்ணாடி முன் நின்று பழகுகிறான். ஸ்வீடன் படத்தில் இந்தப் பொருள் இல்லை, இருக்கவும் முடியாது. சிறுமிக்காகக் கொலைக்குப் போனவன் ஓட்டும் கார் கவிழும் காட்சியைப் பின் சீட்டிலிருந்தே கேமரா பார்ப்பதும் ரீவ்ஸின் சொந்தச் சரக்கு. ஏலியின் உடல் பற்றிய புதிரை அவர் விட்டுவிட்டார். சிறுமியோடு இருக்கும் கிழவன் யார் என்பதை ஒரு பழைய புகைப்படத்தால் உடைத்துச் சொன்னதும் தேவையில்லாதது. குறைகள் இருந்தும் அது தனித்து நிற்கும் படம். நாவலாசிரியரே மனமாரப் பாராட்டினார்.

வசூல் வேறு கதை சொன்னது. ஸ்வீடன் படம் அமெரிக்காவில் ஈட்டியது 20 லட்சம் டாலரைச் சற்றே தாண்டியது. சுமார் 2 கோடி டாலரில் எடுத்த ‘லெட் மீ இன்’ அங்கே ஈட்டியது ஏறக்குறைய 1.2 கோடி. ஆங்கிலத்தில் எடுத்துவிட்டால் கூட்டம் வந்துவிடும் என்ற கணக்கு நல்ல படத்துக்கே பலிக்கவில்லை. இதற்கிடையில் 2009இல் ஸ்வீடன் படத்தின் அமெரிக்க டிவிடி வந்தபோது, திரையரங்கில் இருந்த சப்டைட்டிலை மாற்றி வசனங்களைச் சுருக்கியும் மழுக்கியும் போட்டிருந்தார்கள். ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சண்டைபிடித்தார்கள். திரையரங்கு சப்டைட்டிலோடு மறுபடி அச்சடிப்பதாக விநியோகஸ்தர் ஒப்புக்கொண்டார். திரையின் அடியில் ஓடும் எழுத்துக்காக அமெரிக்கர்கள் போராடினார்கள் என்பதை, அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று சொல்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இடம் மாறும்போது எதை மாற்றுவது, எதைத் தொடக்கூடாது என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே ஓர் அருமையான பாடம் இருக்கிறது. 1993இல் வந்த மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில், தரவாட்டு வீட்டின் பூட்டிய அறையில் இருக்கும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி; அவள் ஆவி பேசுவது தமிழ். தன் வீட்டுப் பெண்ணின் வாயில் அடுத்த ஊர் மொழி வரும்போதுதான் மலையாள ரசிகருக்கு முதுகுத்தண்டு சிலிர்க்கிறது. 2005இல் தமிழில் எடுத்தபோது அவள் தமிழ் பேசினால் அந்தச் சிலிர்ப்பு வராது. ஆகவே ‘சந்திரமுகி’ தெலுங்கு பேசினாள். இந்தியில் 2007இல் அவளே மஞ்சுளிகாவாகி வங்காளம் பேசினாள். சொல் முழுக்க மாறியும் பயம் மாறாமல் வந்து சேர்ந்தது. ‘குவாரன்டைன்’ எடுத்தவர்கள் இதற்கு நேரெதிராகச் செய்தார்கள். ஜிம் மிக்கிள் 2013இல் எடுத்த ‘வீ ஆர் வாட் வீ ஆர்’ ‘சந்திரமுகி’யின் வழியில் போன அமெரிக்கப் படம். மெக்ஸிகோ மூலத்தில் நரமாமிசம் தின்னும் ஏழைக் குடும்பத்தின் தகப்பன் நகரத்தில் சாகிறான். பிள்ளைகள் அவன் பொறுப்பை ஏற்க வேண்டும். மிக்கிள் தாயைச் சாகவைத்து, பொறுப்பை மகள்கள் தலையில் சுமத்தி, மழையில் ஊறும் ஒரு கிராமத்துக் குடும்பத்தின் பரம்பரை மதச் சடங்காக அதை மாற்றினார். வறுமையின் கதை பக்தியின் கதையானது. இரண்டு படங்களும் ஒன்றையொன்று கெடுக்காமல் இருக்கின்றன.

மறுபடி எடுப்பது குற்றமில்லை; எடுப்பவருக்குத் தன் மண்ணில் அந்தப் பயம் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கேமரா கோணத்தைப் பார்த்து எழுதுவதும், தெரிந்தே முடிவை மழுக்குவதும்தான் தவறு. இன்னொன்றை எந்த வெற்றியாலும் நியாயப்படுத்த முடியாது: உரிமையை வாங்கியபின், நகல் சந்தையைப் பிடிக்கும் வரை மூலப்படம் ஓரமாகக் காத்திருக்க நேர்வது. ‘கைரோ’வும் ‘ரெக்’கும் அமெரிக்கர்களுக்குத் தாமதமாகக் கிடைத்தபோது, எதனோடு ஒப்பிடுவது என்றே தெரியாமல் ஒரு தலைமுறை நகலைப் பார்த்தது.

இந்தத் தடுப்பு இப்போது தளர்ந்துவருகிறது. 2020இல் கொரியாவின் ‘பாராசைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஆங்கிலம் அல்லாத ஒரு படத்துக்கு அது முதல்முறை. மறு ஆண்டு ‘ஸ்க்விட் கேம்’ தொடரைக் கொரிய மொழியிலும் டப்பிங்கிலும் அமெரிக்க வீடுகள் பார்த்துத் தள்ளின. வீட்டிலேயே மூலப்படம் கிடைக்கும்போது அதன் நகலுக்கு வேறு காரணம் தேவைப்படுகிறது.

கொஜிராவின் பயணத்தில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிகிறது. ரயிலில் நாகசாகியைப் பற்றிப் பேசிய அந்தப் பெண்ணோடு கூடிய முழுமையான 1954ஆம் ஆண்டுப் படம், சப்டைட்டிலோடு அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியானது 2004இல், ஐம்பது வருடம் கழித்து. ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ 2023 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வந்தது. போரில் உயிர்தப்பி, தப்பியதற்காகக் கூனிக்குறுகும் ஒரு ஜப்பானிய விமானியின் கதை. ஜப்பானிய வசனமும் ஆங்கில சப்டைட்டிலுமாக டிசம்பர் 1 அன்று அது அமெரிக்காவில் திரையேறியது, 5.6 கோடி டாலர் வசூலித்தது.